காலி நாற்காலிக்கு யார் காசு கட்டுவது?

"டிக்கெட் விலையை ஏத்திட்டானுங்க, அப்புறம் எப்படி ஆள் வருவாங்க?"

பினாங்கின் பெருநிலப் பக்கம் இருக்கும் பிறையில் எந்த மாமாக் கடையில் உட்கார்ந்தாலும் இதைச் சொல்ல ஒருவர் இருப்பார். சனிக்கிழமை இரவு, முன்னால் ஒரு தே தாரிக், சுவரில் பெரிய திரை, திரையில் இங்கிலாந்து லீக். "நீங்க கடைசியா எப்பண்ணே பினாங்கு ஆட்டத்துக்குப் போனீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். பேச்சு உடனே ஆர்சனலுக்குத் தாவிவிடும். எங்கள் தாமானில் ஒரு பெரியவர் மட்டும் மழுப்பாமல் பதில் சொன்னார். "இசா பக்கார், அலி பக்கார் ஆடின காலத்துல போனேன் தம்பி. அப்புறம் போகல."

அந்தச் சகோதரர்கள் ஆடியது எழுபதுகளில். அவர் அரங்கத்தை விட்டு வந்தது விலையேற்றத்துக்கு எத்தனையோ வருடம் முன்னால். இப்போது விலை ஏறியதும் சொல்வதற்கு வசதியாக ஒரு காரணம் கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான். விலையும் ஒரு காரணம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது யாரைக் கடிக்கிறது என்பதில்தான் நமக்குக் குழப்பம்.

கணக்கையே போட்டுப் பார்ப்போம். மலேசிய சூப்பர் லீக் ஆட்டங்களுக்குப் பெரும்பாலும் 10 ரிங்கிட்டிலிருந்து 30 ரிங்கிட்டுக்குள் டிக்கெட் கிடைத்துவிடும். 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். பிறை தொழிற்பேட்டையில் ஷிப்டு வேலை பார்க்கும் கல்யாணமாகாத பையனுக்கு இருபது வெள்ளி பெரிய காசில்லை, ஓவர்டைம் இரண்டு மணி நேரம் பார்த்தால் வந்துவிடும். குடும்பஸ்தன் கணக்கு வேறு. நாலு டிக்கெட். ஆட்டம் தீவுப் பக்கம் ஜார்ஜ்டவுனில் என்றால் பாலத்தில் டோல் 5 ரிங்கிட் 74 சென். திரும்பி வரும்போது டோல் கிடையாது, அந்த மட்டும் புண்ணியம். வண்டி நிறுத்தக் காசு, இடைவேளையில் பிள்ளைகளுக்கு பர்கர், தண்ணீர்ப் போத்தல், சின்னவன் அடம்பிடித்து வாங்கும் சால்வை. நூறு வெள்ளித் தாள் ஒன்று போனால் போனதுதான். மோட்டார் சைக்கிளுக்கு 2019 முதல் பாலத்தில் டோல் இல்லைதான், ஆனால் நாலு பேர் எப்படி ஏறுவது? தோட்டத்தில் அந்தக் காலத்தில் ஏறிப் போனார்கள், அது வேறு கதை.

ஆக, ஐந்து வெள்ளி ஏற்றினால் தனி ஆள் முணுமுணுத்துவிட்டு வருவான். குடும்பத்துக்கு அது இருபது வெள்ளி. "டிவியில பாத்துக்கலாம்"னு அம்மா ஒரு வார்த்தை சொன்னால் போதும், நாலு நாற்காலி காலி. இதில் உண்மையான நட்டம், அந்த நாலில் ஒன்றில் உட்கார வேண்டிய எட்டு வயதுப் பிள்ளைதான். அரங்கத்துக்குத் தானாகப் போய்ப் பழகியவர்கள் யாரும் இல்லை. யாரோ ஒரு அப்பா, மாமா, பக்கத்து வீட்டு அண்ணன் கூட்டிக்கொண்டு போயிருப்பார். இன்று கூட்டிப் போகாத பிள்ளை, இருபது வருடம் கழித்து டிக்கெட்டை இலவசமாகக் கொடுத்தாலும் வராது.

என் அப்பா தலைமுறைக்குப் பாலமே கிடையாது. பினாங்குப் பாலம் திறந்தது 1985-இல். அதற்கு முன்னால் பிறை, மாக் மண்டின், புக்கிட் தெங்கா பக்கத்து ஆட்களெல்லாம் பட்டர்வொர்த்துக்குப் போய் ஃபெர்ரி பிடித்து, அக்கரையில் இறங்கி, பஸ்ஸோ நடையோ, கம்போங் ஜாவா பாரு சாலையில் இருக்கும் சிட்டி ஸ்டேடியத்துக்குப் போக வேண்டும். ஆட்டம் முடிந்து அதே வழியில் திரும்ப வேண்டும். இத்தனை சிரமத்திலும் போனார்கள். ஃபெர்ரியிலேயே "ஹாரியா!" என்று கத்தல் தொடங்கிவிடும் என்று அப்பா சொல்வார். யார் எதிரணி, எத்தனை கோல் என்பதெல்லாம் அவருக்கு மறந்துவிட்டது. யார் யார் கூட வந்தார்கள், திரும்பும் வழியில் எங்கே மீ கோரெங் சாப்பிட்டார்கள் என்பது மட்டும் பிசகாமல் நினைவிருக்கிறது.

1974-இல் மலேசியக் கிண்ண இறுதியாட்டத்தில் பேராவை 2-1 என்று ஜெயித்தது பினாங்கு. 1953, 1954, 1958-க்குப் பிறகு வந்த நான்காவது கிண்ணம் அது. அதன் பிறகு அந்தக் கிண்ணம் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. லீக் பட்டம் 1982, 1998, 2001-இல் கிடைத்தது, 2002-இல் எஃப்.ஏ. கிண்ணம். அரை நூற்றாண்டில் ஒரு மாநிலக் குழுவுக்கு இது கேவலமான கணக்கு இல்லை. கூட்டம் மட்டும் கரைந்துகொண்டே வந்தது.

எனக்குத் தெரிந்து முதல் பெரிய ஓட்டை 1994-95-இல் விழுந்தது. 1994 மலேசியக் கிண்ண இறுதியாட்டம், ஷா ஆலாம் அரங்கம், சிங்கப்பூர் பகாங்கை 4-0 என்று அடித்தது. அப்பாஸ் சாட் மூன்று கோல் போட்டார். அதே அப்பாஸ் சாட் அடுத்த வருடம் சிங்கப்பூர் நீதிமன்றத்தில் ஆட்ட நிர்ணய வழக்கில் குற்றவாளி என்று தீர்ப்பாகி அபராதம் கட்டினார். இங்கே மலேசியாவில் நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்களைப் போலீஸ் விசாரித்தது. 21 ஆட்டக்காரர்களும் பயிற்றுநர்களும் நீக்கப்பட்டார்கள், 58 பேருக்குத் தடை. சிலரை வேறு ஊருக்கு அனுப்பி அங்கேயே இருக்கச் சொன்னார்கள். சிங்கப்பூரும் லீக்கை விட்டுப் போய்விட்டது. சிங்கப்பூரின் வி. சுந்தரமூர்த்தி காலில் பந்து போனால் எதிரணி ரசிகனும் எழுந்து நிற்பான், அந்த மாதிரி ஆட்டமும் அதோடு போயிற்று.

அதற்குப் பிறகு அரங்கத்தில் உட்காரும் விதமே மாறிவிட்டது. கோல்கீப்பர் கையிலிருந்து பந்து நழுவினால் முன்பு "அடடா" என்பார்கள். இப்போது "எவ்வளவு வாங்கினான்?" என்று கேட்டார்கள். சந்தேகத்தோடு தொண்ணூறு நிமிடம் உட்கார யாருக்குப் பிடிக்கும்? அதுவும் காசு கொடுத்து?

அந்தச் சமயம் பார்த்து 1996-இல் அஸ்ட்ரோ செயற்கைக்கோள் தொலைக்காட்சி வந்தது. கூரைமேல் தட்டு, வீட்டுக்குள்ளே இங்கிலாந்து லீக். நாலு பேர் பிரிந்து போன இடத்தில் நாற்பது பேர் மாமாக் கடையில் கூடினார்கள். அந்தத் திரையில் காசு வாங்கி ஆடுகிறானா என்ற கேள்வி இல்லை, புல் பச்சைப் பசேலென்று இருந்தது, விளக்கு அணையவில்லை. ஒரு தே தாரிக்கில் இரண்டு மணி நேரம் உட்காரலாம், கடைக்காரப் பாய் முறைக்க மாட்டார், கூட்டம்தான் அவருக்கு விளம்பரம். எங்கள் பிள்ளைகளுக்கு லிவர்பூலின் மாற்று ஆட்டக்காரன் பெயர்கூடத் தெரியும், பினாங்கு கேப்டன் யார் என்று கேட்டால் விழிப்பார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? கூட்டிக்கொண்டு போகவேண்டிய நாம்தான் கடையில் உட்கார்ந்திருந்தோம்.

பினாங்கின் இன்னொரு அரங்கமான பத்து காவானைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பிறைக்காரனுக்கு அது தன் கரையில் இருக்கும் அரங்கம். 2000-ஆம் ஆண்டு சுக்மா போட்டிகளுக்காகக் கட்டியது. 40,000 இருக்கை. அந்த இடம் ஒரு காலத்தில் கரும்புத் தோட்டம், அப்புறம் எண்ணெய்ப்பனை. அன்று வெல்லஸ்லி மாகாணம் என்று அழைத்த இந்தப் பெருநிலத்துக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கப்பலில் வந்த நம் ஆட்கள் வெட்டிச் சுமந்த மண். கலிடோனியா, விக்டோரியா, பத்து காவான் என்று தோட்டத்துப் பெயர்களைப் பழைய ஆட்கள் இன்னும் ஊர்ப்பெயராகவே சொல்வார்கள். ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு கோயில், ஒரு கள்ளுக்கடை, ஒரு திடல். சாயங்காலம் பால் வெட்டியவர்கள், குலை அறுத்தவர்கள், கிராணி வீட்டுப் பையன் எல்லாரும் அந்தத் திடலில் வெறுங்காலோடு பந்து உதைத்தார்கள். தோட்டத்துக்கும் தோட்டத்துக்கும் ஆட்டம் என்றால் லோரி கட்டிக்கொண்டு போவார்கள். டிக்கெட் என்ற பேச்சே கிடையாது.

அந்த மண்ணில் நாற்பதாயிரம் பேருக்கு அரங்கம் எழுந்தபோது, சுற்றி ஆள் நடமாட்டமே குறைவு. தோட்டத்து ஜனம் தாமான் தாமானாகப் பிரிந்து போயிருந்தது. 2014-இல் இரண்டாம் பாலம் வந்தது, 2019-இல் ஐக்கியா வந்தது, இப்போது அங்கே அடுக்குமாடியும் ஆலையும் நிறையவே வந்துவிட்டன. ஆனாலும் ஒரு பினாங்கு ஆட்டத்துக்கு அங்கே மூவாயிரம் பேர் வந்தால் என்ன ஆகும்? சிட்டி ஸ்டேடியத்தில் மூவாயிரம் பேர் கத்தினால் காது அடைக்கும். பத்து காவானில் அதே மூவாயிரம் பேர் ஓடுபாதைக்கு அந்தப் பக்கம் எங்கோ உட்கார்ந்திருக்கும் கூட்டம். உங்கள் கூச்சல் எதிர்த்த காலி வரிசைகளில் பட்டு உங்களிடமே திரும்பி வரும். ஒருமுறை அதைக் கேட்டவன் அடுத்த முறை நண்பனைக் கூப்பிடக் கூச்சப்படுவான். குழுவும் இந்த இரண்டு அரங்கங்களுக்கு இடையில் ஊசலாடியே வந்திருக்கிறது. "இந்த வாரம் எங்க, அக்கரையா இக்கரையா?" என்று கேட்க வேண்டியிருந்தால் பழக்கம் எப்படி ஒட்டும்? பெரிய அரங்கம் கட்டினால் பெரிய கூட்டம் வரும் என்று நினைத்தவர்களை எனக்குப் புரிந்துகொள்ள முடிகிறது, மன்னிக்கத்தான் கொஞ்சம் கஷ்டமாக இருக்கிறது.

நல்ல ஆட்டம் ஆடினால் கூட்டம் தானாக வரும் என்பார்கள். சரி, 2016 பிப்ரவரி 16. சிட்டி ஸ்டேடியம், எதிரணி பகாங். முகமட் ஃபைஸ் சுப்ரி முப்பத்தைந்து மீட்டர் தூரத்திலிருந்து ஒரு ஃப்ரீகிக் உதைத்தார். பந்து ஒரு பக்கம் போவதாகப் போக்குக் காட்டி, நடுவானில் மனம் மாறி மறு பக்கம் வளைந்து வலைக்குள் விழுந்தது. கோல்கீப்பரைப் பார்த்தாலே பாவமாக இருக்கும். 2017 ஜனவரியில் சூரிக் நகரில் அந்த கோலுக்கு ஃபிஃபாவின் புஸ்காஸ் விருது. மேடையில் விருதைக் கொடுத்தவர் பிரேசிலின் ரொனால்டோ. ஆசியாவில் அதுவரை யாரும் வாங்காத விருது, நம் கம்போங் ஜாவா பாரு சாலையில் விழுந்த கோலுக்கு. அதே 2017 பருவத்தில் பினாங்கு சூப்பர் லீக்கில் கடைசி இடம் பிடித்துக் கீழிறங்கியது. உலகமே கைப்பேசியில் பார்த்த கோல் அரங்கத்துக்குப் புதிதாக ஆள் சேர்த்ததாக எனக்குத் தெரியவில்லை. 2020-இல் இரண்டாம் பிரிவில் முதலிடம் பிடித்து மேலே வந்தபோது பார்த்துக் கொண்டாட யாருக்கும் வழியில்லை, அது கோவிட் வருடம்.

நம்மவர் விஷயத்துக்கு வருகிறேன். ஒரு காலத்தில் தேசியக் குழுவில் ஆர். ஆறுமுகம் கம்பத்தில் நிற்பார், எம். சந்திரன் கேப்டனாகத் தற்காப்பில் நிற்பார். "நம்ம பையன் ஆடறான்" என்ற ஒரு வார்த்தை போதும், தோட்டமே கிளம்பிவிடும். 2009-இல் சீ விளையாட்டுத் தங்கமும் 2010-இல் தென்கிழக்காசியக் கிண்ணமும் வாங்கிக் கொடுத்த பயிற்றுநர் கே. ராஜகோபால். அந்த 2010 டிசம்பரில் கோலாலம்பூர் புக்கிட் ஜாலில் அரங்கத்தில் இந்தோனேசியாவை 3-0 என்று அடித்த இரவு, பிறை மாமாக் கடைகளில் மேசைமேல் ஏறி நின்றவர்களை நான் பார்த்தேன். நானும் ஏறியிருப்பேன், மேசை தாங்காது.

நம்முடையது என்று சொல்லிக்கொள்ள ஒரு குழுவும் இருந்தது. மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கத்தின் மிஃபா. இரண்டாம் பிரிவில் ஆடி, 2019-இல் பிஜே சிட்டி என்ற பெயரில் சூப்பர் லீக்குக்கே வந்தது. பி. மணியம் பயிற்சியில் வெளிநாட்டு ஆட்டக்காரர் ஒருவர்கூட இல்லாமல் ஆடிய பருவமும் உண்டு. பெட்டாலிங் ஜெயாவில் அவர்கள் ஆட்டத்துக்குக் கூட்டம் வந்ததா? விரல் விட்டு எண்ணலாம். 2022 பருவத்தோடு குழு விலகிக்கொண்டது. விலகிய பிறகு முகநூலில் வருத்தப்பட்டவர்களில் பாதிப் பேர் டிக்கெட் வாங்கியிருந்தால்கூடப் போதும், அரங்கம் பாதியாவது நிறைந்திருக்கும்.

இத்தனைக்கும் மலேசிய ரசிகனிடம் காசு இல்லாமல் இல்லை. 2025 மே மாதம் மான்செஸ்டர் யுனைடெட் புக்கிட் ஜாலிலுக்கு வந்தது. உள்ளூர் லீக் டிக்கெட்டைப் போலப் பல மடங்கு விலை. 72,550 பேர் போனார்கள். யுனைடெட் ஆசியான் குழுவிடம் 0-1 என்று தோற்று, சொந்த ரசிகர்களிடமே ஊளை வாங்கிக்கொண்டு விமானம் ஏறியது. எங்கள் தொழிற்சாலையிலிருந்தும் ஒரு வேன் போயிற்று. திரும்பி வந்தவர்களிடம் கேட்டேன், "காசு வீணா?" "வீணில்லண்ணே, போனோம்ல!" என்றான் ஒருவன். அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது. கூடிப் போவதற்குத்தான் அவன் காசு கொடுத்தான்.

ஜூன் மாதம் அதே புக்கிட் ஜாலிலில் தேசியக் குழு வியட்நாமை 4-0 என்று அடித்தது, ஊரே கொண்டாடியது. செப்டம்பரில் ஏழு ஆட்டக்காரர்களின் ஆவணங்கள் போலி என்று ஃபிஃபா ஆளுக்கு ஓராண்டுத் தடை போட்டு, மலேசியக் காற்பந்துச் சங்கத்துக்கு 350,000 சுவிஸ் ஃபிராங்க் அபராதமும் விதித்தது. 1995-இல் கேட்ட கேள்வியின் தம்பி மாதிரி ஒரு கேள்வி இப்போது கடைகளில் உலவுகிறது. டிக்கெட் விலையைக் குறைத்தால் இது சரியாகிவிடுமா என்ன?

வெளியே பார்த்தால் விலை விஷயத்தில் நம்மைவிடப் பெரிய கூத்து நடக்கிறது. 2016 பிப்ரவரியில் லிவர்பூல் நிர்வாகம் புதிய மேடையில் ஒரு டிக்கெட்டை 77 பவுண்டுக்கு விற்கப் போவதாக அறிவித்தது. சண்டர்லாந்துடன் ஆட்டம், 77-ஆவது நிமிடம், சுமார் பத்தாயிரம் பேர் எழுந்து வெளியேறினார்கள். அவர்கள் எழும்போது லிவர்பூல் 2-0 முன்னணி. ஆட்டம் முடியும்போது 2-2. சில நாளில் நிர்வாகம் மன்னிப்புக் கேட்டு விலையைப் பழையபடி 59 பவுண்டிலேயே நிறுத்தியது. அங்கே விலையை எதிர்க்க எழுந்து போக உள்ளே பத்தாயிரம் பேர் இருந்தார்கள். இங்கே நாம் எழுந்து போனால் கவனிப்பார்களா? வருவதற்கு முன்பே போய்விட்ட கூட்டம் நாம்.

2025-இல் அமெரிக்காவில் நடந்த கிளப் உலகக் கிண்ணத்தைப் பாருங்கள். கிராக்கிக்குத் தக்கபடி விலையைக் கணினியே ஏற்றி இறக்கும் முறை. செல்சி, புளுமினென்சி அரையிறுதிக்கு 473 டாலர் 90 சென்ட் போட்டிருந்த டிக்கெட், ஆட்டம் நெருங்க நெருங்க 13 டாலர் 40 சென்ட்டுக்கு இறங்கியது. முன்கூட்டியே வாங்கியவன் முகத்தை நினைத்துப் பாருங்கள். ஒர்லாண்டோவில் உல்சானும் மாமெலோடி சன்டவுன்சும் ஆடிய ஆட்டத்துக்கு வந்தவர்கள் 3,412 பேர். அமெரிக்காவில் நடக்கும் உலகப் போட்டிக்கே பத்து காவான் மாதிரிக் கூட்டம்தான் என்று அன்று எங்கள் வாட்சாப் குழுவில் ஒரே கும்மாளம். 2026 உலகக் கிண்ணத்துக்கும் ஃபிஃபா அடாவடி விலை போட்டு, ஐரோப்பிய ரசிகர் சங்கங்கள் துரோகம் என்று கொதித்த பிறகு, 2025 டிசம்பரில் 60 டாலர் டிக்கெட் கொஞ்சம் ஒதுக்கியது. கொஞ்சம்தான்.

நம் குழுக்கள் அப்படிப் பேராசையில் விலை ஏற்றவில்லை, பயத்தில் ஏற்றுகின்றன. கையில் காசில்லை. 2025-இல் பேரா குழு லீக்கிலிருந்து விலகியது, கெடாவுக்கு லைசென்ஸ் கிடைக்கவில்லை, ஸ்ரீ பகாங்கும் விலகியது. பினாங்குக்காரனுக்கு இது வெறும் செய்தி இல்லை. வடக்கே கெடா, தெற்கே பேரா, இரண்டும் பக்கத்து வீடு. கெடா ஆட்டம் என்றால் சுங்கை மூடாவைத் தாண்டிப் பச்சை மஞ்சள் சட்டையோடு மோட்டார் சைக்கிள் வரிசை வரும். நம் பக்கமும் வராதவன்கூட அன்றைக்கு வருவான், மானப் பிரச்சினை. வருடத்துக்கு இப்படி இரண்டு மூன்று ஆட்டம்தான் கல்லாவைக் காப்பாற்றும். அவை 2025-26 சூப்பர் லீக்கில் இல்லை. தூரத்து ஊர்க் குழு ஒரு பஸ் ரசிகர்களோடு வந்து போகும். உச்சியில் 2014 முதல் ஜொகூர்தான் ஒவ்வொரு வருடமும் லீக் சாம்பியன். அவர்கள் அரங்கம் நன்றாக இருக்கிறது, கூட்டமும் வருகிறது, பாராட்ட வேண்டியதுதான். ஆனால் முடிவு தெரிந்த படத்துக்கு மற்ற ஊர்க்காரன் எத்தனை முறை டிக்கெட் எடுப்பான்?

கூட்டம் குறைகிறது, வருமானம் குறைகிறது, வருகிறவனிடம் இன்னும் கொஞ்சம் கேட்கிறார்கள். கல்யாணத்துக்கு வந்த பத்துப் பேரிடம், வராத நூறு பேர் மொய்யையும் சேர்த்துக் கேட்பது போல. மழையிலும் வருகிறவன், தோற்றாலும் வருகிறவன், அவன்தான் காலி நாற்காலிக்கும் காசு கட்டுகிறான். அவன் இன்னும் இரண்டு வெள்ளி கூடக் கொடுத்து வருவான். அவனை நம்பித்தான் விலையே போடுகிறார்கள். அவன் பிள்ளையைக் கூட்டி வருவதை மட்டும் நிறுத்திவிடுவான். அது எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறாது.

விலை என்பது காசு மட்டும்தான் என்றும் நினைக்காதீர்கள். வடக்கே ஓர் அரங்கம், பெயர் வேண்டாம். வாசலில் எழுபது வயதுக்குமேல் இருக்கும் ஒருவர் பேரனைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார். மறு கையில் ஐம்பது வெள்ளித் தாள், நாலாக மடித்தது. கவுண்டர் சன்னல் மூடியிருக்கிறது. ஊழியர் மேல்சட்டை போட்ட இளைஞன் ஒருவன் மரியாதையாகத்தான் சொல்கிறான், "ஆன்லைன் சாஜா, அங்கிள்."

என்னைப் பார்த்தார். "தம்பி, கையில காசு இருக்கு, டிக்கெட் இல்லைங்கிறான். இது என்னப்பா?"

"போன்ல வாங்கணும் ஐயா. இருங்க, நான் வாங்கித் தர்றேன்."

என் கைப்பேசியில் தொடங்கினேன். பதிவு செய், மின்னஞ்சல் போடு, கடவுச்சொல் போடு, பெரிய எழுத்து ஒன்று சேர், குறுஞ்செய்தியில் வரும் எண்ணை அடி. எண் வர மறுக்கிறது, எல்லாரும் ஒரே நேரத்தில் வாசலில் நின்று அதையே செய்துகொண்டிருக்கிறோம். பேரனுக்கும் முழு டிக்கெட். கடைசியில் சேவைக் கட்டணம் என்று தனியாக ஒரு தொகை. யாருக்கு என்ன சேவை என்று அந்தப் பெரியவர் கேட்டிருந்தால் என்னிடம் பதில் இல்லை. உள்ளேயிருந்து ஒரு பெரும் சத்தம் வந்தது. பேரன் கேட்டான், "தாத்தா, கோலா?" "ஆமாய்யா, நம்ம ஆளுதான் போட்டிருப்பான்," என்றார். எதிரணி போட்டது என்று உள்ளே போன பிறகுதான் தெரிந்தது. ஐம்பதைக் கையில் திணித்துவிட்டு, மீதிச் சில்லறையை வாங்க மாட்டேன் என்று அடம்பிடித்தார்.

இப்படி ஒருவரைத் திருப்பி அனுப்பிவிட்டு, கூட்டம் வரவில்லை என்று அறிக்கை விடுவதில் அர்த்தம் இருக்கிறதா?

என்னைக் கேட்டால் பெரிய திட்டமெல்லாம் வேண்டாம். பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளை பெரியவரோடு வந்தால் இலவசம், கணக்கே பார்க்காதீர்கள், அந்த நாற்காலி எப்படியும் காலிதான். வாசலில் ரொக்கத்துக்கு ஒரு சன்னல் திறந்து வையுங்கள். ஆட்டம் முழுக்க ஒருவரை உட்கார வைத்தால் ஆகும் செலவு, ஒரு வெளிநாட்டு ஆட்டக்காரரின் ஒரு நாள் சம்பளம்கூட வராது. பத்து காவானில் ஆடுவதானால் கூட்டம் முழுவதையும் ஒரே பக்கத்தில் உட்கார வையுங்கள், நாலு மூலைக்கும் சிதறவிடாதீர்கள். இரவு ஒன்பது மணிக்கு ஆட்டம் வைத்தால் பள்ளிக்கூடப் பிள்ளை எப்படி வரும், ஞாயிறு மாலை ஐந்தரைக்கு வையுங்கள். மழை வரும், வரட்டும், நனைந்து பார்த்த ஆட்டம்தான் மறக்காது என்று அப்பாவைப் பார்த்தே தெரிந்துகொண்டேன்.

நம் பக்கமும் ஒரு வேலை இருக்கிறது. மாமாக் கடையில் மாதத்துக்கு ஒரு சனிக்கிழமையைக் குறைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுப் பையன் இரண்டு பேரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போவது. ஆர்சனல் நம்மைத் தேடப் போவதில்லை, பாயும் கோபித்துக்கொள்ள மாட்டார், அடுத்த வாரம் வரத்தானே போகிறோம். எங்கள் தெருவில் நாலு வீட்டுக்காரர்களிடம் பேசியிருக்கிறேன். மூவர் சரி என்றார்கள். நாலாவது வீட்டு அம்மா ஒரே நிபந்தனை போட்டார்: அரங்கத்துப் பெண்கள் கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா என்று முதலில் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்ல வேண்டுமாம். டிக்கெட் விலையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.